சீரியலில் அப்பா திருந்திய காட்சியை எங்கள் வீட்டிலும் நடத்திப் பார்க்கலாமா டாக்டர்?

கடலூரிலிருந்து ஒரு சகோதரி எழுதியிருக்கிறார். நாலு பக்கக் கடிதம். அடையாளம் தெரியக்கூடியதையெல்லாம் எடுத்துவிட்டுச் சுருக்கமாகத் தருகிறேன்.

அவருக்கு வயது 37, வீட்டிலேயே ஜாக்கெட் தைத்துக் கொடுக்கிறார். கணவருக்கு 43. புதுச்சேரி எல்லைக்குள் ஒரு கம்பெனியில் ஃபிட்டர், தினமும் பைக்கில் போய்வருகிறார். திரும்பும்போது கன்னியக்கோவில் மதுக்கடைப் பக்கம் வண்டி நின்றுவிடும். முதலில் சம்பள நாளில் மட்டும், அப்புறம் சனிக்கிழமை, இப்போது தினமும் இரண்டு குவார்ட்டர், விடிந்ததும் கை நடுக்கம் நிற்க ஒரு கட்டிங். ஏழாவது படிக்கும் மகள், மூன்றாவது படிக்கும் மகன்.

போன மாதம் இவர் ஒரு தொடரில் ஒரு காட்சி பார்த்திருக்கிறார். குடியால் வேலையையும் மரியாதையையும் தொலைத்த ஓர் அப்பா. மகளின் பிறந்தநாள். கேக் வெட்டுவதற்கு முன்னால் அந்தப் பெண் ஒரு தாளைப் பிரித்து, அப்பாவுக்குத் தான் எழுதிய கடிதத்தை எல்லார் முன்னாலும் வாசிக்கிறாள். "என் ஃபிரெண்ட்ஸ் யாரையும் நான் வீட்டுக்குக் கூப்பிட்டதே இல்லப்பா, ஏன்னு என்னைக்காவது கேட்டியா?" அப்பா அப்படியே தரையில் உட்கார்ந்துவிடுகிறார். எழுந்து கொல்லைப்பக்கம் போய் பாட்டில்களை ஒவ்வொன்றாகக் கவிழ்க்கிறார். திரை இருண்டு 'ஓராண்டுக்குப் பிறகு' என்று எழுத்து வருகிறது. அடுத்து ஒரு கூட்டத்தில் அவர் எழுந்து நின்று, கையில் நாணயம் மாதிரி ஒரு வட்ட வில்லையை வைத்துக்கொண்டு, "இன்னையோட 365 நாள்" என்கிறார். பின்வரிசையில் மகள் உட்கார்ந்திருக்கிறாள்.

இதைப் பார்த்துக்கொண்டிருந்தபோது கணவர் சோற்றுத் தட்டோடு வாசற்படியில் நின்றிருக்கிறார். குழம்பு ஆறிப்போகும்வரை ஒரு வாய் சாப்பிடவில்லை, கண் கலங்கியிருந்தது. ஒன்றும் பேசாமல் தட்டை வைத்துவிட்டு வண்டியை எடுத்துக்கொண்டு போனவர், அன்றைக்கு வழக்கத்தைவிட அதிகமாகக் குடித்துவிட்டு வந்தார்.

சகோதரியின் கேள்விகள் இவை. அடுத்த மாதம் மகளுக்குப் பிறந்தநாள். அவளையும் ஒரு கடிதம் எழுதவைத்து, சொந்தக்காரர்களை உட்காரவைத்து, அவர் முன்னால் வாசிக்கச் சொல்லலாமா? மாமியார் சாப்பாட்டில் கலந்து கொடுக்க ஒரு பொடி வாங்கி வந்திருக்கிறாரே, கொடுக்கலாமா? அண்ணன் "ஒரு சென்டர் இருக்கு, வண்டியோட நாலு பேர் வந்து தூக்கிட்டுப் போயிடுவாங்க" என்கிறாரே, சரிதானா? எதுவும் நடக்கவில்லை என்றால் பிள்ளைகளோடு அம்மா வீட்டுக்குப் போய்விடலாமா?

கூடவே ஒரு வரி: "மனசு வெச்சா அவரால விட முடியும் டாக்டர். போன வருஷம் ஐயப்பனுக்கு மாலை போட்டப்ப 48 நாள் தொடவே இல்ல. ரெண்டாம் நாள் ராத்திரி மட்டும் கை கால் இழுத்துக்கிச்சு, செவுத்துல எறும்பு ஊருதுன்னு விடிய விடிய கத்தினாரு. சாமி குத்தம்னு திருநீறு போட்டோம், சரியாயிடுச்சு."

அம்மா, உங்கள் கடிதத்தில் நான் திரும்பத் திரும்பப் படித்தது இந்தக் கடைசி வரியைத்தான். நீங்கள் அதை அவருடைய மனவலிமைக்குச் சாட்சியாக எழுதியிருக்கிறீர்கள். எனக்கோ அதைப் படித்தபோது வயிற்றைப் பிசைந்தது. மற்ற எல்லாவற்றுக்கும் முன்னால் இதைப் பேசிவிடலாம்.

அந்த இரண்டாம் நாள் ராத்திரி

அது சாமி குத்தம் இல்லை. குடியைத் திடீரென்று நிறுத்தியதால் வந்த வலிப்பு, அதைத் தொடர்ந்து வந்த மனக்குழப்பம். மது மூளையை மந்தப்படுத்துகிற பொருள். வருஷக்கணக்காகத் தினமும் அது உள்ளே போகும்போது, அந்த மந்தத்தை ஈடுகட்ட மூளை எந்நேரமும் கூடுதல் வேகத்தில் ஓடப் பழகிவிடுகிறது. ஒருநாள் குடியை மட்டும் சட்டென்று எடுத்துவிட்டால், அந்த வேகம் மட்டும் அப்படியே ஓடிக்கொண்டிருக்கும், பிடித்து நிறுத்த ஒன்றும் இருக்காது. கடைசியாகக் குடித்து ஆறு மணி நேரத்திலேயே நடுக்கம், வியர்வை, குமட்டல், தூக்கமின்மை ஆரம்பித்துவிடும். முதல் இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம். இரண்டிலிருந்து நான்காவது நாளுக்குள் சிலருக்கு ஆள் தெரியாது, இடம் தெரியாது, எறும்பும் பூச்சியும் பாம்பும் தெரியும், காய்ச்சல் ஏறும், இதயம் படபடவென்று அடிக்கும். டெலிரியம் ட்ரெமன்ஸ் என்பார்கள். சிகிச்சை இல்லாமல் விட்டால் உயிரே போகலாம். போன வருஷம் உங்கள் வீட்டுக்காரர் பிழைத்தது அதிர்ஷ்டம். திருநீறு போட்டதைத் தப்பென்று சொல்லவே மாட்டேன், ஆனால் கூடவே 108க்கும் போன் போயிருக்க வேண்டும்.

ஒருமுறை இப்படி வலிப்பு வந்தவருக்கு அடுத்த முறை நிறுத்தும்போது மறுபடி வரும் ஆபத்து அதிகம். அதனால் தொடரில் வருகிற அப்பா மாதிரி உங்கள் கணவர் உணர்ச்சிவசப்பட்டு ஒரே நாளில் எல்லா பாட்டிலையும் கவிழ்த்துவிட்டால், கைதட்ட வேண்டிய நேரம் இல்லை அது, அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக வேண்டிய நேரம். நீங்களும் கோபத்தில் பாட்டிலைப் பிடுங்கி ஊற்றிவிட்டு அவரை அறையில் பூட்டிவைக்கிற வேலையைச் செய்யாதீர்கள். டாக்டர் பார்க்கும்வரை அவர் குடிப்பதை நீங்களாகத் திடீரென்று நிறுத்த முயல வேண்டாம் என்று ஒரு மனநல மருத்துவர் சொல்வது உங்களுக்கு விசித்திரமாக இருக்கும். ஆனாலும் அதுதான் பாதுகாப்பு.

ஆஸ்பத்திரியில் என்ன செய்வார்கள்? நடுக்கத்தையும் வலிப்பையும் தடுக்கிற மாத்திரையை முதல் நாள் அதிகமாகக் கொடுத்து, நாளுக்கு நாள் குறைத்துக்கொண்டே வந்து, ஒரு வாரம் பத்து நாளில் நிறுத்திவிடுவார்கள். கூடவே தயமின் என்கிற பி1 வைட்டமின் ஊசி. தொடர்ந்து குடிக்கிறவர்கள் சரியாகச் சாப்பிடுவதில்லை, சாப்பிட்டாலும் இந்த வைட்டமின் உடம்பில் ஒட்டுவதில்லை. அது மிகவும் குறைந்துபோனால் நினைவாற்றலே நிரந்தரமாகப் போய்விடலாம். தெருமுனை கிளினிக்கில் "ஒரு பாட்டில் குளுக்கோஸ் ஏத்தினா தெளிஞ்சிடும்" என்று ஏற்றிக்கொள்ளும் பழக்கம் நம் பக்கம் நிறைய. தயமின் கொடுக்காமல் வெறும் குளுக்கோஸ் மட்டும் ஏற்றுவது இந்த நிலையில் இருப்பவருக்குக் கெடுதலாகக்கூட முடியும்.

இன்னொன்று. "பாண்டி சரக்கு ஒரிஜினல், அதனால் ஈரல் கெடாது என்கிறார்" என்று எழுதியிருந்தீர்கள். ஒரு குவார்ட்டர் 180 மில்லி, ஒரு கட்டிங் 90 மில்லி. அவர் கணக்குப்படியே ஒரு நாளைக்கு 450 மில்லி. 42.8 சதவீத சரக்கில் அது சுமார் 150 கிராம் சுத்தமான ஆல்கஹால். கள்ளச்சாராயத்தில் மெத்தனால் கலந்து எக்கியார்குப்பத்திலும் கள்ளக்குறிச்சியிலும் வீடுவீடாகச் சாவு விழுந்ததைப் பார்த்த நமக்கு, சீல் உடைக்காத பாட்டில் பாதுகாப்பு என்று தோன்றுவது இயல்புதான். ஆனால் அந்த ஒரிஜினல் சரக்கில் இருப்பதும் ஆல்கஹால்தானே, ஈரலைக் கெடுப்பது அதுதான். எல்லைக்கு இந்தப் பக்கம் வாங்கினாலும் அந்தப் பக்கம் வாங்கினாலும் ஈரலுக்கு ஒன்றுதான்.

சரி, அந்தக் காட்சிக்கு வருவோம்

உங்கள் கடிதத்துக்குப் பிறகு நானும் அதைத் தேடிப் பார்த்தேன். கண்கலங்கினேன், மறைக்க ஒன்றும் இல்லை. நல்ல காட்சி. குடிக்கிற மனிதரை வில்லனாகவோ கோமாளியாகவோ காட்டவில்லை. அவர் கேவி அழும்போது மனைவி ஓடிப்போய் அணைத்துக்கொள்ளாமல் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றுவிடுகிறாரே, அந்த ஓர் இடம் போதும், எழுதியவருக்கு இந்த வீடுகளைத் தெரியும் என்று சொல்ல. எத்தனை அழுகையைப் பார்த்திருப்பார் அந்த அம்மா!

ஆனால் அந்தக் காட்சியில் மிக முக்கியமான பகுதி காட்டப்படவே இல்லை. 'ஓராண்டுக்குப் பிறகு' என்று ஓர் எழுத்து வந்து போகிறதே, அந்த இரண்டு நொடிக்குள்தான் நான் இப்போது சொன்ன முதல் வாரம் இருக்கிறது. தூங்காத ராத்திரிகளும் எரிந்துவிழுகிற காலைகளும் இருக்கின்றன. முதல் சம்பள நாள், முதல் கல்யாண வீடு, முதல் சாவு வீடு எல்லாம் இருக்கின்றன. மூன்றாவது மாதம் ஒருநாள் மறுபடி குடித்துவிட்டு வந்து நிற்பதும் அநேகமாக அதற்குள்தான் இருக்கும். அழுத அன்றைக்கு ஒருவர் மனம் மாறலாம், உண்மையாகவே மாறலாம். ஆனால் குணமாவது அந்த இருட்டுக்குள் இருக்கிற முந்நூற்றுச் சொச்சம் நாளில்தான் நடக்கிறது.

உங்கள் கணவர் வாசற்படியில் தட்டோடு நின்று கலங்கியதை நான் சாதாரணமாக எடுத்துக்கொள்ளவில்லை. அவருக்குள் ஒரு பாதி குடியை விட்டுவிட ஏங்குகிறது என்பதற்கு அது போதுமான சாட்சி. "அப்படின்னா ஏன் டாக்டர் அன்னைக்கே அதிகமா குடிச்சாரு, எல்லாம் நடிப்பா?" என்று கேட்டிருக்கிறீர்கள். நடிப்பு இல்லை. அவமானம். தன் மகளும் அப்படித்தான் நினைப்பாள் என்ற எண்ணம் ஒரு மனிதனைச் சுடும்போது, அந்தச் சூட்டைத் தணிக்க அவருக்குத் தெரிந்த ஒரே மருந்து அந்த பாட்டில்தான். அவமானப்படுத்தினால் திருந்துவார் என்று நம் வீடுகளில் பரம்பரையாக நம்பிவருகிறோம். என் அறையில் நான் பார்த்தவரை அவமானம் ஆளை மறுபடி கடை வாசலுக்குத்தான் அனுப்பியிருக்கிறது.

மகளிடம் அந்தத் தாளைக் கொடுக்காதீர்கள்

இதைக் கெஞ்சிக் கேட்கிறேன். சில வருஷங்களுக்கு முன்னால் பத்தாவது படிக்கும் ஒரு பெண் என் முன்னால் உட்கார்ந்திருந்தாள். தூக்கம் வரவில்லை, படிப்பு ஏறவில்லை என்று அவள் அத்தை கூட்டிவந்திருந்தார். விஷயம் இதுதான்: சொந்தக்காரர்கள் கூடி அவளை அப்பா காலில் விழவைத்து, "குடிக்க மாட்டேன்னு என் தலையில அடிச்சு சத்தியம் பண்ணுப்பா" என்று கேட்கவைத்தார்கள். அவரும் சத்தியம் பண்ணினார். ஒன்பதாம் நாள் குடித்தார். அந்தப் பெண் தன் ரெட்டைச்சடையின் நுனியைத் திருகிக்கொண்டே என்னிடம் சொன்னாள், "நான் இன்னும் நல்லா அழுதிருக்கணும் டாக்டர், சரியா அழல." அத்தோடு, சத்தியம் தப்பிவிட்டதால் தனக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்ற பயம் வேறு.

பன்னிரண்டு வயதுப் பெண் கடிதம் வாசித்து, அப்பா அழுது, அடுத்த வாரம் மறுபடி குடித்தால், அவள் அப்பாவைக் குற்றம் சொல்ல மாட்டாள். தன் கடிதத்தைத்தான் குற்றம் சொல்வாள். அந்தப் பாரத்தைத் தூக்கும் வயது இல்லை அது. அவள் எழுத வேண்டுமென்றால் எழுதட்டும், நோட்டில் எழுதி வைத்துக்கொள்ளட்டும், உங்களிடம் படித்துக்காட்டட்டும். பின்னாளில் அவர் குடியை விட்டு நிதானமாக இருக்கிற ஒரு நாளில் அவளாகவே கொடுத்தால் கொடுக்கட்டும். இப்போது அவளுக்கு நீங்கள் சொல்ல வேண்டியது மூன்றே விஷயம்: அப்பா குடிப்பது உன்னால் இல்லை, உன்னால் அதை நிறுத்தவும் முடியாது, நிறுத்தவைப்பது உன் வேலையும் இல்லை. இதைப் பையனுக்கும் சொல்லுங்கள். சின்னவன்தானே என்று விட்டுவிடாதீர்கள்.

கூட்டம் கூட்டி ஒரே மூச்சில் எல்லாவற்றையும் கொட்டும் முறை அமெரிக்காவிலும் இருந்தது. தொடர்களில் வரும் காட்சிகளும் அந்த மாதிரிதான். 1999ல் அங்கே வெளியான ஓர் ஆய்வில், சிகிச்சைக்கு வர மறுக்கும் குடிநோயாளிகளின் வீட்டார் 130 பேரை மூன்று வழிகளில் பயிற்றுவித்துப் பார்த்தார்கள். இந்தக் கூட்டம் கூட்டும் முறையில் 30 சதவீதம் பேர்தான் சிகிச்சைக்கு வந்தார்கள். பயிற்சி பெற்றவர்களில் பாதிக்கும் மேற்பட்டவர்கள் அந்தக் கூட்டத்தைக் கூட்டவே துணியவில்லை என்பது இன்னொரு பக்கம். சண்டை போடாமல், நிதானமாக இருக்கும் நேரத்தில் அன்பாகவும், குடித்த நேரத்தில் விலகியும் இருந்து, சரியான தருணத்தில் சிகிச்சையைப் பற்றிப் பேசச் சொல்லிக்கொடுத்த முறையில் 64 சதவீதம் பேர் வந்தார்கள்.

உங்கள் வீட்டுக்கு அதை எப்படிப் பொருத்துவது? குடித்துவிட்டு வரும்போது ஒரு வார்த்தைகூடப் பேசாதீர்கள், காலையில் அவருக்குப் பாதி நினைவில் இருக்காது. சும்மா சொல்கிறார் என்று நினைக்காதீர்கள், அந்த அளவு குடிக்கும்போது மூளை உண்மையிலேயே நடந்ததைப் பதிவு செய்வதில்லை. ஞாயிற்றுக்கிழமை காலை மாதிரி கொஞ்சம் நிதானமான நேரம் பாருங்கள். குடியைப் பற்றி ஆரம்பிக்காமல் கையைப் பற்றி ஆரம்பியுங்கள். "கை நடுங்கறதைப் பார்க்க எனக்குப் பயமா இருக்குங்க. போன வருஷம் வந்த மாதிரி இழுப்பு மறுபடி வந்துடுமோன்னு இருக்கு. ஒரு தடவை டாக்டரைப் பார்த்துட்டு வந்துடலாம், நானும் வரேன்." அவ்வளவுதான். மாட்டேன் என்றால் அன்றைக்கு விட்டுவிடுங்கள், வாதம் வேண்டாம், இரண்டு வாரம் கழித்து மறுபடி கேளுங்கள். கம்பெனிக்குப் போன் பண்ணி "அவருக்குக் காய்ச்சல்" என்று பொய் சொல்வதை மட்டும் இன்றோடு நிறுத்துங்கள். லீவ் போட்டதற்கான பதிலை அவரே சொல்லிக்கொள்ளட்டும்.

பொடியும் வேனும்

பொடியைக் கொடுக்காதீர்கள். இப்படித் தெரியாமல் கலந்து கொடுக்கச் சொல்லி விற்பதில் பலதில் டைசல்ஃபிரம் என்கிற மருந்து இருக்கலாம், என்ன இருக்கிறதென்றே தெரியாததும் இருக்கலாம். டைசல்ஃபிரம் நல்ல மருந்துதான். ஆனால் அது உடம்பில் இருக்கும்போது குடித்தால் முகம் சிவந்து, மூச்சு முட்டி, வாந்தி எடுத்து, ரத்த அழுத்தம் சரிந்துபோகும். இதயம் பலவீனமானவருக்கு உயிராபத்து. உங்கள் மாமியார் காலையில் சாம்பாரில் கலந்து கொடுத்து, அவர் சாயங்காலம் கன்னியக்கோவிலில் குடித்துவிட்டு அந்த லாரி ஓடுகிற ரோட்டில் பைக்கை எடுத்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். மாமியாரிடம் கோபப்படாதீர்கள், பெற்ற வயிறு. விஷயத்தைச் சொல்லிப் பொடியை வாங்கித் தூர எறியுங்கள். இதே மருந்தை, நோயாளிக்கு எல்லாம் விளக்கி, அவர் சம்மதத்தோடு, ஈரலைப் பரிசோதித்து, குடியை நிறுத்திய பிறகு, மனைவி கையால் தினமும் வாங்கிப் போட்டுக்கொள்ளும்போது நன்றாகவே வேலை செய்கிறது. குடிக்கும் வேட்கையைக் குறைக்கிற நால்ட்ரெக்சோன், அகாம்ப்ரொசேட் போன்ற வேறு மருந்துகளும் உண்டு. எது அவருக்குப் பொருந்தும் என்பது ரத்தப் பரிசோதனை பார்த்துத்தான்.

அண்ணன் சொன்ன வேன் விஷயம். அவர் தங்கைமேல் உள்ள பாசத்தில் சொல்கிறார், புரிகிறது. ஆனால் 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டப்படி, குடியால் வரும் மனநிலைப் பாதிப்பும் மனநோய் என்பதற்குள் வருகிறது, அந்த நோயாளிக்குரிய உரிமைகளும் அவருக்கு உண்டு. தானாக வர மறுக்கிறவரை அனுமதிக்க அந்தச் சட்டத்தின் 89ஆம் பிரிவில் வழி இருக்கிறது. தன்னையோ பிறரையோ தாக்கும் நிலை, தன்னைப் பார்த்துக்கொள்ளவே முடியாத நிலை போன்ற காரணம் இருக்க வேண்டும். ஒரு மனநல மருத்துவரும் இன்னொரு மருத்துவரோ மனநலப் பணியாளரோ தனித்தனியாகப் பார்த்துச் சொல்ல வேண்டும். அவருடைய நியமனப் பிரதிநிதி, அதாவது சட்டப்படி அவர் சார்பில் நிற்பவர், விண்ணப்பிக்க வேண்டும். அப்படியும் முதலில் 30 நாள்வரைதான். நாலு பேர் வந்து கைகாலைக் கட்டித் தூக்கிப்போவதற்கு இதில் இடமே இல்லை. சங்கிலியால் கட்டுவதைச் சட்டம் வெளிப்படையாகத் தடை செய்திருக்கிறது.

எந்த மையமாக இருந்தாலும் சேர்க்கும் முன் கேளுங்கள்: மாநில மனநல ஆணையத்தில் பதிவுச் சான்று இருக்கிறதா, மனநல மருத்துவர் யார், எத்தனை நாளுக்கு ஒருமுறை வருகிறார், ராத்திரி வலிப்பு வந்தால் யார் பார்ப்பார்கள், குடும்பத்தார் எப்போது பார்க்கலாம்? "முதல் மாசம் யாரும் பார்க்கக் கூடாது" என்று சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். வலிப்பு வந்த வரலாறு உள்ளவரை மருத்துவர் இல்லாத இடத்தில் விடவே கூடாது. புதுச்சேரி கோரிமேட்டில் ஜிப்மர் இருக்கிறது, மனநலத் துறை உண்டு, தமிழ்நாட்டுக்காரர்களும் போகலாம். அவர் தினமும் அந்த ஊருக்குத்தான் போகிறார் என்பதால் மறுவருகைக்கும் சௌகரியம். பக்கத்திலேயே வேண்டுமென்றால் கடலூர் அரசு தலைமை மருத்துவமனை. அவர் வர மறுத்தாலும் நீங்கள் முதலில் தனியாகப் போய்ப் பேசலாம், போதை மீட்புக்கான 14446 எண்ணிலும் டெலி மானஸ் 14416 எண்ணிலும் நீங்களே பேசலாம், கட்டணம் கிடையாது.

அம்மா வீட்டுக்குப் போவதைப் பற்றி

கடிதத்தின் மூன்றாம் பக்கத்தில் ஒரு மூலையில், "ரெண்டு தடவை அடிச்சிருக்காரு, ஒரு தடவை குக்கர் மூடியைத் தூக்கி எறிஞ்சாரு, பையன் மேல படாம தப்பிச்சது" என்று சின்ன எழுத்தில் எழுதியிருக்கிறீர்கள். இது சின்ன எழுத்தில் எழுத வேண்டிய விஷயம் இல்லை. குடி நோய், அதற்குச் சிகிச்சை உண்டு. அடி அப்படி இல்லை, குடித்திருந்தார் என்பது அதற்குச் சமாதானமும் ஆகாது. 2005ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தில் நீங்கள் பாதுகாப்பு உத்தரவு கேட்கலாம். வீடு அவர் பெயரிலோ மாமனார் பெயரிலோ இருந்தாலும் நீங்கள் அதில் குடியிருக்கும் உரிமை உண்டு, நீங்கள்தான் வெளியேற வேண்டும் என்றில்லை. மாவட்டப் பாதுகாப்பு அலுவலர் மூலமாகவோ 181 எண்ணிலோ தொடங்கலாம். பெண் என்பதாலேயே, வருமானம் எவ்வளவு என்று பார்க்காமல், மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் இலவசமாக வக்கீல் கிடைப்பார், எண் 15100. விவாகரத்துவரை யோசிப்பதாக எழுதியிருக்கிறீர்கள். குடிப்பது என்பது இந்து திருமணச் சட்டத்தில் தனிக் காரணமாக இல்லை, கொடுமை என்ற காரணத்துக்குள் வைத்துத்தான் வாதிடுவார்கள். அதை அந்த வக்கீலிடமே கேளுங்கள்.

என் தொழில் சார்ந்து நான் சொல்வது: ராத்திரி கை ஓங்குகிற நிலை வந்தால் பிள்ளைகளோடு போய்விட ஒரு வீடு, ஒரு பை, கொஞ்சம் பணம், ஆதார் அட்டைகள் தயாராக இருக்கட்டும். போனால் அவர் கெட்டுப்போய்விடுவாரோ என்று நீங்கள் பயப்பட வேண்டாம். ஆனால் "போயிடுவேன், போயிடுவேன்" என்று மாதம் நாலு தடவை சொல்லிவிட்டுப் போகாமல் இருப்பதால் மட்டும் ஒன்றும் நடக்காது.

மாலை போட்ட 48 நாள்

இதை நான் வேண்டுமென்றே கடைசிக்கு வைத்தேன். அந்த 48 நாளை மனவலிமை என்று நீங்கள் எடுத்துக்கொண்டீர்கள். கொஞ்சம் திரும்பிப் பாருங்கள். விடியற்காலை குளியல், கறுப்பு வேட்டி, கழுத்தில் மணி. தெருவே அவரைப் பெயர் சொல்லாமல் "சாமி" என்று கூப்பிட்டது, மகள்கூட. வழக்கமாகக் கடை வாசலில் நிற்கும் அதே ஏழு மணிக்குப் பஜனைக்குப் போய் உட்கார்ந்தார். கூடக் குடிக்கும் கூட்டாளிகளே "சாமி மாலை போட்டிருக்காரு, கூப்பிடாத" என்று விலகிப் போனார்கள். தடுமாறினால் கேட்க ஒரு குருசாமி இருந்தார், அவரும் ஒரு காலத்தில் முதல் மாலை போட்டவர்தான். இத்தனை ஏற்பாட்டுக்கு நடுவில் ஒரு மனிதர் குடிக்காமல் இருந்தார். மலையிலிருந்து வந்து மாலையைக் கழற்றிய அன்று, அத்தனையும் ஒரே நாளில் போய்விட்டது. அன்று சாயங்காலமே குடித்தார் என்று எழுதியிருக்கிறீர்கள். வேறு என்ன நடக்கும்?

அதாவது அவருக்கு எது உதவும் என்பது உங்கள் வீட்டுக்கு ஏற்கெனவே தெரியும். கழற்றும் நாள் இல்லாத ஒரு மாலை வேண்டும், அவ்வளவுதான். அந்தத் தொடரில் கடைசியில் வருகிற கூட்டம் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் பாணியில் அமைந்தது. 1935ல் அமெரிக்காவில் குடியிலிருந்து மீள முயன்ற இரண்டு பேர் ஒருவரையொருவர் தாங்கிப் பிடித்ததில் தொடங்கியது, புதுச்சேரியிலும் தமிழிலேயே கூட்டங்கள் நடக்கின்றன. கட்டணம் இல்லை, முழுப்பெயர் கேட்பதில்லை, ஜாதி மதம் கேட்பதில்லை. புதிதாக வருபவரை, முன்பே மீண்ட ஒருவர் கைபிடித்துக் கூட்டிப்போவார், குருசாமி மாதிரியேதான். 365 நாள் என்று யாரும் சபதம் எடுப்பதில்லை, இன்றைக்கு ஒரு நாள் குடிக்காமல் இருப்போம் என்பதுதான் அங்கே பேச்சு. குடிப்பவரின் குடும்பத்தாருக்கு அல்-அனான் என்று தனிக் கூட்டம் உண்டு. அவர் வராவிட்டாலும் நீங்கள் போகலாம். உங்களுக்கும் பேச ஆள் வேண்டும், நாலு பக்கக் கடிதத்தைப் பார்த்தாலே தெரிகிறது.

சிகிச்சை முடிந்து வந்தபின் சின்னச் சின்ன ஏற்பாடுகள்தான் தாங்கும். முதல் மூன்று மாதம் பைக் வேண்டாம், பஸ்ஸில் போகட்டும், நடுவில் இறங்காமல் வீடு வரலாம். அவர் சம்மதித்தால் சம்பளம் உங்கள் கணக்குக்கு வரட்டும். ஆறரை மணிக்கு வீட்டில் சூடாக ஏதாவது இருக்கட்டும், வயிறு காய்ந்திருக்கும்போதுதான் வேட்கை அதிகம். அப்படியும் ஒருநாள் குடித்துவிட்டு வரலாம். அது நடந்தால் எல்லாம் போச்சு என்று உட்கார்ந்துவிடாதீர்கள். சர்க்கரை நோயாளிக்குச் சர்க்கரை ஏறினால் என்ன செய்வோமோ அதையே செய்யுங்கள், அந்த வாரமே டாக்டரிடம் போங்கள்.

பிறந்தநாளுக்கு அவள் தோழிகள் இரண்டு பேரைக் கூப்பிட்டு, சாயங்காலம் நாலு மணிக்கே, அவர் வேலையில் இருக்கும்போதே கேக் வெட்டிவிடுங்கள். சேதியை அவருக்கு முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், ஒளிக்க வேண்டாம். நேரத்தோடு வந்து கலந்துகொள்வதா என்பதை அவர் தீர்மானிக்கட்டும். டாக்டரைப் பார்க்கப் போகும்போது ஒரு தாளில் மூன்றை மட்டும் எழுதி எடுத்துப் போங்கள்: தினமும் எவ்வளவு குடிக்கிறார், காலையில் எத்தனை மணிக்கு நடுக்கம் ஆரம்பிக்கிறது, மாலை போட்ட இரண்டாம் நாள் ராத்திரி என்ன நடந்தது. மூன்றாவதை முதலில் சொல்லுங்கள்.